வண்ணக்கன்

எங்கள் ஊரில் பத்து ரூபாய் நாணயம் வெகுகாலம் செல்லவில்லை. சட்டப்படி செல்லும். ஆனால் பூக்காரம்மாள் வாங்கமாட்டாள், மினி பஸ் கண்டக்டர் வாங்கமாட்டார், வாங்கினால் அடுத்தவனிடம் தள்ள முடியாது என்று டீக்கடைக்காரர் கையை மூடிக்கொள்வார். ரூபாய்க் குறி போட்டது அசல், போடாதது போலி என்று ஒரு கட்சி. விளிம்பைச் சுற்றிய கோடுகளை எண்ணி, பத்து இருந்தால் அசல், பதினைந்து இருந்தால் போலி என்று இன்னொரு கட்சி. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை 14 வடிவங்களில் இந்த நாணயம் வெளிவந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று அறிக்கை விட்டது. அந்த அறிக்கையை எங்கள் கிளையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியது நான்தான். படித்துவிட்டு உள்ளே வந்து, "சார், பத்து ரூபா காயின் மட்டும் வேணாம்" என்றார்கள். இன்றும் சில கைகள் அதைப் பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்கின்றன.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. அசலை அசல் என்று நம்ப மறுக்கும் ஜனங்கள். பகலில் வங்கி குமாஸ்தா, இரவில் இந்த மாதிரிப் பத்திரிகைகளில் கவிதைத் தொகுதிகளை எடைபோடுகிறவன். இரண்டும் ஒரே தொழில் என்று ஒரு நினைப்பு. நடுவில் பழைய நாணயங்கள் சேர்க்கும் பழக்கமும் உண்டு. சங்கப் புலவர் சிலருக்குப் பெயரோடு வண்ணக்கன் என்ற சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது. வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வண்ணக்கன் சோருமருங்குமரனார். பொன்னையும் காசையும் சோதித்து மாற்றுச் சொல்பவன் வண்ணக்கன். காசு பார்க்கிற கண்ணும் கவிதை எழுதுகிற கையும் ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது என்பதில் எனக்கு அந்தரங்கமான பெருமை. அவர்களுடைய வாரிசு என்று வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிக்கொள்ளாததுதான் அதிக ஆபத்து.

ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நெரிகிற நேரம், பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் ஒருவர் என் கவுண்டருக்கு வந்தார். தறியில் அறுபது வயசுவரை உட்கார்ந்தவர். முட்டி மடங்காது. பாஸ்புக்கை வைத்துவிட்டு, மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து ஒரு வட்டத்தை எடுத்தார்.

"சார், இத்த கொஞ்சம் பாருங்க. நீங்க பழைய காசுல்லாம் பாப்பீங்கன்னு சொன்னாங்க."

செம்பு நிறம், உள்ளங்கையில் பாதி. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், காலடியில் அனுமான். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், அரை அணா, 1818 எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. இந்தியா முழுக்க இணையத்திலும் கோயில் வாசல்களிலும் விற்கும் சரக்கு இது. சிலதில் அனுமான் மட்டும், சிலதில் ஓம். வருஷம் மட்டும் விற்பவன் இஷ்டத்துக்கு மாறும். கம்பெனி சூரத்துக்கு வந்து சேர்ந்த புதிதில் போட்டதாக 1616 என்று அடித்த துண்டுகூட உண்டு.

பெரியவரின் மகன் போனில் பார்த்திருக்கிறான். காசு அரிசியை இழுக்குமாம். வீடியோவில் இழுத்துக் காட்டியிருக்கிறார்கள். இழுக்கிற காசுக்கு வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலையாம். பதினைந்தாயிரம் அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து எடுத்தது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, இரண்டு மாசத்துக்கு முன் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தது நான்தான் என்று பாஸ்புக்கில் இருந்தது.

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். தேவையே இல்லை, ஆனாலும் எடுத்தேன். வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விளக்க ஆரம்பித்தேன். எழுத்துக்களின் ஓரம் மழுங்கியிருக்கிறது, பார்த்தீர்களா. அச்சில் அடித்த நாணயத்தில் ஓரம் இப்படிக் குழையாது, இது உருக்கி வார்த்தது. இந்தப் பொடிப்பொடிக் குழிகள் வார்ப்பில் காற்று குமிழிட்ட இடங்கள். விளிம்பில் ஓடும் மெல்லிய கோடு இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த தையல். மேலே உள்ள கறுப்பு காலத்தின் கறுப்பு அல்ல, மருந்தில் முக்கிய கறுப்பு. தேய்ந்திருக்க வேண்டிய மேட்டில் அடர்த்தியாகவும் அழுக்குத் தங்கியிருக்க வேண்டிய பள்ளத்தில் வெளிறியும் இருக்கிறது. காந்தத்தை வைத்தேன். காசு பட்டென்று ஒட்டிக்கொண்டது. செம்பு ஒட்டாது, உள்ளே இரும்பு. அதற்குக் காந்தமும் ஏற்றி, அரிசியில் இரும்புத்தூள் புரட்டினால் அரிசி தானாக வரும் என்றேன். எல்லாவற்றுக்கும் மேல் 1818இல் மதராஸ் ராஜதானியில் அணாக் கணக்கில் செப்புக்காசு கிடையாது. அப்போதைய செப்புக்காசின் பெயரே காசுதான். கம்பெனி தன் எல்லா ராஜதானிகளுக்கும் ஒரே நாணயம் என்று கொண்டுவந்தது 1835இல். அதற்குப் பிறகு வந்த அரை அணாவில் இருப்பது கம்பெனியின் சின்னம், ராமர் இல்லை.

"இது கள்ளக்காசுகூட இல்லை, பெரியவரே. நாணயமே இல்லை."

நன்றாகப் பேசினேன். வரிசையில் யாரோ "அப்படிப் போடு" என்றார்கள். பெரியவர் காசைத் திரும்ப வாங்கித் துணியில் வைத்தார். முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. பதினைந்தாயிரம் போனதைப் பற்றியும் பேசவில்லை.

"இதுக்கு அசல் எது சார்? ஒரு தடவ காட்டுங்க. பாத்து வெச்சிக்கினா அடுத்த தடவ ஏமாற மாட்டேன்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "இதற்கு அசலே கிடையாது" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை; விளங்காதது நியாயம். அவர் தொழிலில் போலிக்கு எப்போதும் பக்கத்திலேயே அசல் உண்டு. ஜரிகையில் ஒரு இழையைப் பிரித்துச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். வேறு எது தெரிந்தாலும் அது வேறு ஜரிகை. உடலும் கரையும் தனித்தனியாக ஊடை ஓடிக் கோர்வையில் சேர்ந்ததா, விசைத்தறியில் ஒரே ஓட்டமாக அடித்ததா என்று சேலையைத் திருப்பி விரலால் தடவியே சொல்லிவிடுவார். அந்த விரலுக்கு அசல் தெரியும். அதனால் போலி தெரியும். "அசல் இல்லாம போலி எப்டி சார் வரும்?" என்று கேட்டுவிட்டு, பாஸ்புக்கில் வரவு வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது.

உண்மையில் நான் சொன்னது பாதிதான் சரி. அந்தப் பொய் சும்மா காற்றிலிருந்து பிறந்ததல்ல. கம்பெனி மதராஸில் சாமி போட்ட காசு அடித்திருக்கிறது. பெருமாளும் இரண்டு தாயார்களும் நிற்கும் மூன்று சுவாமி வராகன் அவர்கள் வெளியிட்டதுதான். 1807 வாக்கில் வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள், மறுபக்கம் விஷ்ணு. வியாபாரம் நடக்கிற ஊரில் ஜனங்கள் எந்த உருவத்தை நம்புகிறார்களோ அதைப் போட்டால்தான் காசு ஓடும் என்று அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. 1818இல்தான் மதராஸ் வராகனை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறியது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். அந்தக் கணக்கோடு காசிலிருந்து சாமியும் போனது. ஆக, போலி செய்தவன் அடித்த வருஷம், உண்மையான சாமிக்காசு விடைபெற்ற வருஷம். அவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ராமர் பட்டாபிஷேகத்தைப் பொறித்த ராமடங்காக்களும் நெடுங்காலமாக உண்டு. பூஜைக்கு வைத்துக்கொண்டவை, செலாவணி அல்ல. இந்த இரண்டு நினைவும் ஜனங்களின் மனசில் எங்கோ கலங்கிக் கிடக்கிறது. அந்தக் கலங்கலில்தான் அவன் வார்த்து எடுத்திருக்கிறான். பெரியவர் கேட்டபோது, எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய் வராகன்களைப் பாருங்கள், உங்கள் காசு எதன் நிழல் என்று தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அப்போது விளக்கத்தைவிடத் தீர்ப்பு ருசியாக இருந்தது.

நாணயம் எது என்பதில் சட்டத்துக்கே ஒரு தள்ளாட்டம் உண்டு. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 230ஆம் பிரிவு நாணயத்துக்கு இலக்கணம் சொல்லிவிட்டு உதாரணங்கள் தந்தது. சோழி நாணயம் அல்ல. முத்திரை இல்லாத செப்புக் கட்டி, பணமாகப் புழங்கினாலும் நாணயம் அல்ல. பதக்கம் நாணயம் அல்ல. ஃபரூக்காபாத் ரூபாய், இப்போது புழக்கத்தில் இல்லாவிட்டாலும், ஒரு காலத்தில் அரசாங்கத்தின் அதிகாரத்தில் பணமாக இருந்ததால் இந்திய நாணயமே. 2024 ஜூலையில் அந்தச் சட்டம் போய் வேறு சட்டம் வந்துவிட்டது. எனக்கு அந்தக் கடைசி உதாரணம் மறக்கவில்லை. ஒருமுறை நாணயமாக இருந்தது என்றைக்கும் நாணயம். ஐரோப்பாவில் நேர்மாறாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிலானில் ஒருவன் இங்கிலாந்துப் பவுனை, தங்கத்தில் ஒரு குறையும் வைக்காமல், அடித்து விற்றான். பிடித்துத் தரச் சொன்னபோது, பவுன் இப்போது எங்கும் பணமாகப் புழங்கவில்லை, ஆகவே அது கள்ள நாணயம் ஆகாது என்று 1952இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் மறுத்துவிட்டது. தங்கம் அசல், எடை அசல், ராஜா தலை அசல் மாதிரி. போலியாக இருந்தது ஒன்றுதான்: அதை அடித்த கை.

இந்த மாதிரி விஷயங்கள் எனக்கு நிறையத் தெரியும். தெரிந்தது எல்லாம் படித்துத் தெரிந்தது. பழக்கம் ஆரம்பித்ததும் படிப்பில்தான். முதல் தடவை இணையத்தில் வாங்கியது 1808ஆம் வருஷத்துப் பத்துக் காசு. கம்பெனி மதராஸுக்காக இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் அருகே, நீராவி யந்திரத்தில் அடித்தது. கப்பல் 1809 ஜனவரியில் புறப்பட்டுக் கடல் காணுமுன் இங்கிலாந்துக் கரையோரத்து மணல்திட்டில் முழுகிவிட்டது. 1980களில் மூழ்காளர்கள் அள்ளி எடுத்தார்கள். லட்சக்கணக்கில். உப்பு அரித்துச் சொரசொரத்த ஒன்று எனக்கு வந்தது. சிங்கம் தெரிகிறது, இது இரண்டு ஃபலூஸ் என்று பாரசீகத்தில் எழுதியிருப்பது பாதி தெரிகிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத அசல். ஆனால் ஒரு கையும் இதைக் கொடுத்து உப்போ மிளகோ வாங்கியதில்லை. மதராஸ் வந்து சேர வேண்டியது இருநூறு வருஷம் பிந்தி, தபாலில், காஞ்சிபுரத்துக்கு வந்தது. அன்று ராத்திரி அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு சோதனை கற்றுக்கொண்டேன். எங்கள் கிளையில் நகைக்கடனுக்கு மதிப்புப் போடும் ஆசாரி, கறுத்த உரைகல்லை வேஷ்டி மடிப்பில் துடைத்துக்கொண்டே, தராசு பிடிக்கச் சொல்லித் தந்தார். 1835இலிருந்து ரூபாயின் எடை ஒரு தோலா, 11.66 கிராம். நூறு பங்கில் கிட்டத்தட்ட 92 பங்கு வெள்ளி. காற்றில் ஒரு எடை, நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு எடை. குறைவது ஒரு கிராமும் அதற்குமேல் பத்தில் ஒன்றும் சொச்சமும் என்றால் வெள்ளி சரி. அதிகம் குறைந்தால் செம்புக் கலப்பு. நகக்கண்ணில் வைத்துச் சுண்டினால் வெள்ளி நீண்டு பாடும், வார்ப்பு 'தொக்' என்று நிற்கும். விரிசல் கண்டிருந்தால் அசலும் பாடாது. ஆகவே ஓசையை மட்டும் நம்பாதே. 1940இலிருந்து வெள்ளி பாதியாகிவிட்டது, விளிம்பில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் வந்தது. ஆகவே ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் அபூர்வமான 1939 என்று யாராவது நீட்டினால் தேதியைப் பார்க்காதே, விளிம்பைப் பார். "எல்லாரும் பாக்குற எடத்த கடசீல பாருங்க" என்பது அவர் சொன்னது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

பிறகு 1911 ரூபாய் வாங்கினேன்.

ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் அது. ராஜாவின் அங்கிமேல் ஒரு மாலை, அதில் ஒரு சின்ன யானை. செதுக்கியதில் தும்பிக்கை குறுகிப்போய், கால் தடித்து, பார்த்தவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் தொட மறுத்தார்கள், முணுமுணுப்புக் கிளம்பிற்று. அடித்ததில் பெரும்பகுதியை வெளியிடாமல் உருக்கிவிட்டு, 1912இலிருந்து யானையைத் திருத்திப் போட்டார்கள். துதிக்கை நீண்டது, காது வந்தது. பன்றி ரூபாய் என்று பெயர் விழுந்த அந்த ஒரு வருஷத்துக் காசுக்கு மட்டும் இன்று விலை. தவறுதான் அதன் மதிப்பு. இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இலக்கியக் கூட்டமொன்றில், பிழைக்கும் பிரக்ஞைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போதுகூட உதாரணம் காட்டினேன். எட்டாயிரம் ரூபாய்க்குக் காசு வந்தது. எடை போட்டேன், சரி. தண்ணீரில் தொங்கவிட்டேன், சரி. சுண்டினேன், பாடியது. கண்ணாடியில் பார்த்தேன், அச்சில் அடித்ததுதான், வார்ப்பு இல்லை. உறையில் போட்டு '1911, பன்றி' என்று எழுதி மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

மூன்று மாசம் கழித்துப் பெரியவர் வந்தார். மத்தியானம், கூட்டம் இல்லை. அன்றைக்கு நான் பேசிய தோரணை எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. சமாதானமாக இருக்கட்டும் என்று, பையில் கொண்டுவந்திருந்த காசை எடுத்து, "அசல் காட்டச் சொன்னீர்களே, இது அசல்" என்று கொடுத்தேன். பன்றிக் கதையைச் சொன்னேன். அவர் ரசித்துக் கேட்டார். கண்ணாடியை வாங்கி, ராஜாவின் மார்பில் வைத்து, வெகுநேரம் பார்த்தார். சேலைக் கரையில் யானை நெய்தவர் அவர். எத்தனை இழை தூக்கினால் தும்பிக்கை வளையும், எத்தனை இழை விட்டால் அது வெறும் மூக்காகப் போகும் என்று கைக்குத் தெரிந்தவர்.

"யானை நல்லாத்தானே சார் இருக்குது. தும்பிக்கை எறங்குது, காது தெரியுது. எங்க பன்னி?"

வாங்கிப் பார்த்தேன். யானைதான். மூன்று மாசமாக என் இழுப்பறையில் இருந்தது, பார்க்கிற யாருக்கும் யானையாகத் தெரிகிற யானை.

பிறகு மறுபக்கம் திருப்பினேன். 1911இல் கடைசி இரண்டு ஒன்றும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நேராக நிற்க வேண்டும். என் காசில் மூத்தது நேராக நின்றது; இளையது லேசாகச் சாய்ந்திருந்தது. ஏழின் தண்டு சாய்வு. தலையில் இருந்த குறுக்குக் கோட்டைச் சீவி எடுத்திருக்கிறார்கள். சீவிய இடத்தில் தரை கண்ணுக்குத் தெரியாத அளவு குழிந்து, கறுப்பு ஒரு நிழல் வேறாக இருந்தது. 1917. எங்கும் கிடைக்கிற வருஷம். எடை சரியாக இருந்ததும் வெள்ளி சரியாக இருந்ததும் பாடியதும் எல்லாம் உண்மை. அது அசல் ரூபாய்தான். நான் செய்த சோதனைகள் ஒவ்வொன்றும் அதை அசல் என்று சொன்னது பிழையில்லை. ஒரு இலக்கம் மட்டும் பொய். அந்தப் பொய்க்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய உண்மை அதன் பக்கத்திலேயே, ஒட்டி நின்றுகொண்டிருந்தது. யானையையோ அவன் தொடவே இல்லை. தொட வேண்டியதில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வாங்குகிறவன் கதையைப் படித்திருப்பான், காசைப் பார்க்கமாட்டான்.

பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ சார் குடுத்தீங்க?" என்றார். சொன்னேன். "என்னுதவிட கம்மிதான்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியில் பெக்கர் என்றொருவன் இருந்தான், 1772இல் பிறந்து 1830இல் செத்தவன். கிரேக்க, ரோமானியக் காசுகளுக்குத் தன் கையால் அச்சுச் செதுக்கி அடித்தான். புதுப்பளபளப்புப் போக, காசுகளை இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த பெட்டியில் போட்டு வண்டியின் அச்சில் கட்டி ஊரைச் சுற்றுவானாம். இன்று அவனுடைய போலிகளையே தேடிச் சேர்க்கிறார்கள். அவனை வெறுக்க முடியவில்லை. அவன் ஒரு காசை முழுதாகச் சிருஷ்டித்தான். ராஜராஜனின் செப்புக்காசில் நிற்கும் உருவத்தையும் உட்கார்ந்த உருவத்தையும் ஈழத்து அரசர்கள் எடுத்துத் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். அதையும் யாரும் போலி என்பதில்லை. ஏழைச் சீவி ஒன்றாக்கியவனிடம் இந்த இரண்டும் இல்லை. உடம்பு முழுக்க இன்னொருவருடையது. அவன் செய்தது ஒரு சிறு கழித்தல்.

இதை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன் என்று அன்று இரவு தோன்றியது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரை. தமிழ்க் கவிதை இதுவரை நின்ற இடத்திலிருந்து ஒரு அடி முன்னால் என்று எழுதினேன். படிமம் இருந்தது, இறுக்கம் இருந்தது, நிறுத்தற்குறிகள் இல்லாமலிருந்தது. ஒவ்வொரு சோதனையும் தேறியது. இப்போது எடுத்துப் படித்தேன். சொற்கள் நல்ல வெள்ளிதான். ஆனால் அந்தச் சோகம் அவருடையதல்ல. எழுபதுகளில் பலபேர் பட்டு, எழுதி, புழங்கித் தேய்ந்த சோகம். அதன் தலையிலிருந்து ஒரு கோட்டைச் சீவி இன்றையதாக்கியிருக்கிறார். ஒட்டி நிற்கும் இன்னொரு கவிதையோடு வைத்துப் பார்த்திருந்தால் சாய்வு தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நவீனக் கவிதை எப்படி இருக்கும் என்ற கதை எனக்கு முன்பே தெரிந்திருந்தது. எங்கே தும்பிக்கை, எங்கே காது என்று கேட்கும் கண் எனக்கு இருந்ததில்லையோ என்ற பயம் அன்று முதல் தடவையாக வந்தது. அது இன்னும் போகவில்லை. மதிப்புரையைத் திரும்பப் பெறும் வழி எனக்குத் தெரியவில்லை. இதையாவது எழுதி வைக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் மிஞ்சியிருக்கும். அதே வாரம், நாணயம் சேர்க்கும் ஒரு கல்லூரிப் பையன் போனில் எழுதியிருந்தான்: சார், உங்களிடம் 1911 இருக்கிறதாமே, கொடுப்பீர்களா? விற்றவனுக்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை, எட்டாயிரம் போனது போனதுதான். நான் பொய் சொல்லவில்லை. படம் ஒன்று அனுப்பினேன். ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில், தேதிப் பக்கம். வெள்ளியின் எடையும் தண்ணீர்ச் சோதனைக் கணக்கும் எழுதினேன். அத்தனையும் உண்மை. பையன் உடனே, நாளைக்குப் பணம் அனுப்பட்டுமா சார் என்றான்.

வங்கியில் கள்ள நோட்டு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்கு விதி இருக்கிறது. கொண்டுவந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பித் தரக்கூடாது. கிழிக்கவும் கூடாது. முகத்தில் முத்திரை குத்தி, எடுத்து வைத்துக்கொண்டு, ரசீது தரவேண்டும். அறியாமல் வாங்கி வந்த எத்தனை ஏழைகளிடமிருந்து அப்படிப் பிடுங்கியிருக்கிறேன். "நான் யார்ட்டயாவது மாத்திக்கிறேன், குடுத்துடுங்க சார்" என்பார்கள். அது குற்றம் என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு கள்ள நோட்டும் அப்படித்தான் நடக்கிறது. ஏமாந்தவன் ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குத் தூக்கிவிடுகிறான்.

ராத்திரி பதினோரு மணிக்கு மறுபக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். இது 1917, திருத்தியது, யானையைப் பார், சாய்ந்த ஒன்றைப் பார் என்று எழுதினேன். பையனின் பதில் காலையில் வந்தது.

"நன்றி சார். நிறையக் கத்துக்கிட்டேன். ஆனா மொதல்லயே ஏன் சார் இந்தப் பக்கத்த அனுப்பல?"

பதில் எழுதவில்லை. பலமுறை எழுதி அழித்தேன்.

காசை என்ன செய்வது என்று யோசித்தேன். ஆசாரியிடம் கொடுத்து உளியால் ஒரு வெட்டுப் போட்டுவிடலாம். புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ராஜாவின் தலைமேல் வெட்டு இருக்கிறது. ஆசாரி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நல்ல ரூபாய் சார், இத்த ஏன் வெட்டணும்?" என்றார். வாஸ்தவம். நூறு வருஷம் 1917ஆக இருந்த காசு அது.

உறையை மாற்றினேன். புது உறையில் '1917' என்று எழுதி, கீழே 'தேதியை நம்பாதே' என்று சேர்த்தேன். உறை ஒருநாள் காசைவிட்டுப் பிரிந்துவிடும், தெரியும். அதுவரைக்கும்.

பெரியவரின் ராமர் காசு அவர் வீட்டுப் பூஜை மாடத்தில் இருக்கிறதாம். போன மாசம் கவுண்டரில் சொன்னார். பணத்துடன் வாங்கிக்கொண்ட சில்லறையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் இருந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது செல்லும்ங்கறீங்க?"

"செல்லும்."

"நீங்க சொன்னா சரி" என்று முடிந்துகொண்டார்.